காடு கருத்த மதியம்

எல்லா வண்ணங்களையும் ஒன்றாகக் கலந்தால் அதுவரை யாருமே பார்த்திராத ஓர் அழகான வண்ணம் கிடைக்கும் என்று மூன்றாம் வகுப்பில் நான் உறுதியாக நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாடகத் திரை எழுதுவதற்காக அக்கா வாங்கி வைத்திருந்த வண்ணப்பொடிகள் அத்தனையும் ஒரு நாள் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தன.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம் அது. ஜமுனாமரத்தூரில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அக்கா போளூரில் விடுதியில் தங்கிப் படித்து, பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவின் தம்பிக்கு அவளைக் கொடுப்பதாக எப்போதோ வாக்குக் கொடுத்தாயிற்று; வைகாசியில் கல்யாணம். கல்லூரிக்குப் போக வேண்டும் என்று அக்கா சில நாள் அழுதாள், சில நாள் சாப்பிடாமல் இருந்தாள். அப்பா இரண்டையும் கவனிக்காதவர் போலக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். யார் கெஞ்சியும் அவர் இளகி நான் பார்த்ததில்லை. பேரம் பேசுகிறவர்களோடு பழகிப் பழகி வந்த உறுதியாக இருக்கலாம். பிறகு அக்காவும் அழுவதை விட்டுவிட்டாள்.

மாமாவைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சந்தவாசலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சந்தை நாள் என்றால் கடையைப் பூட்டிவிட்டு மலை பஸ்ஸில் ஏறி வந்துவிடுவார். எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் மாமா வரட்டும் என்று ஒரு மூலையில் வைத்துவிடுவோம். குடை, டார்ச் லைட், அம்மாவின் செருப்பு, ஒருமுறை காலொடிந்த கோழிகூட அவருக்காகக் காத்திருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டால் மாமா எங்கள் வீட்டிலேயே தங்கிவிடுவார் என்று நான் எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வீட்டில் சும்மா இருக்கிற பெண்தானே என்று ஹெட்மாஸ்டர் அக்காவிடம் ஆண்டு விழா நாடகத்தை ஒப்படைத்தார். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் எங்களுடையது. ஏதோ ஒரு ராஜா, அவருக்கு ஒரு மந்திரி, இருவரும் மாறி மாறி அறிவுரை சொல்லுகிற நாடகம் ஒன்று அதுவரை வருடா வருடம் நடந்துகொண்டிருந்தது. அதையே இந்த வருடமும் போட்டால் போதும், திரையை மட்டும் புதிதாக எழுது என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பொடிகள்.

உடைந்த சட்டி ஒன்றைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சிவப்பைக் கொட்டித் தண்ணீர் விட்டேன். மஞ்சளைக் கொட்டினேன். ஆரஞ்சுப் பழ நிறம் வந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். இன்னும் இரண்டு பொட்டலம் மீதி இருக்கும்போது எப்படி நிறுத்துவது? பச்சையைப் போட்டேன்; சட்டி கொஞ்சம் முகம் சுளித்தது. நீலத்தையும் போட்டுக் குச்சியால் கலக்கினேன். மழைக்காலத்தில் எருமை புரண்டு எழுந்த குட்டையில் இருக்குமே, அந்த நிறத்தில் ஒரு குழம்பு எனக்குக் கிடைத்தது. இன்னும் கலக்கினால் சரியாகிவிடும் என்று கலக்கினேன். இன்னும் கருத்தது.

அக்கா வந்து பார்த்தாள். "இன்னாடி பண்ணிவெச்சே?"

"எல்லாத்தையும் கலந்தா அழகா வரும்னு…" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அக்கா சட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் குச்சியை வாங்கி அவளே கலக்கிக்கொண்டிருந்தாள். துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்து அதில் கொஞ்சம் விட்டாள். குழம்பிலிருந்த செம்மண் சாயல் போய், எண்ணெய் தேய்த்த வாணலி மாதிரி ஆயிற்று.

"கருப்பு!" என்றாள், எதையோ தொலைத்துக் கண்டுபிடித்தவள் மாதிரி.

"கருப்பு வேணும்னா அடுப்புல கரி இல்லியா? அதுக்குப் போய் நாலு பொடி வாங்கிக் கரைக்கணுமா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு அவளுக்கு அவளே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்: "வெயில்ல எல்லா கலரும் கீது. செவப்புப் பொடி மேல வெயில் பட்டா, அது செவப்பை மட்டும் நம்ம கண்ணுக்குத் திருப்பிக் குடுக்கும். மிச்சத்தை முழுங்கிடும். நீலம் நீலத்தைத் திருப்பிக் குடுத்துட்டு மிச்சத்தை முழுங்கும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா இது குடுக்கறதை அது முழுங்கிடும், அது குடுக்கறதை இது முழுங்கிடும். நாலையும் போட்டா கண்ணுக்கு வந்து சேர ஒண்ணுமே மிச்சம் இருக்காது. ஒண்ணும் வராத எடத்தைத்தான் கருப்புங்கறோம்."

எனக்கு விளங்கிய அளவில், என் சட்டிக்குள் ஒன்றையொன்று தின்று தீர்த்த நான்கு பொடிகள் இருந்தன. அடி வாங்காமல் தப்பித்ததால் எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையாட்டினேன்.

திரையில் ராஜாவின் அரண்மனை எழுத வேறு வண்ணம் இல்லாததால், வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த அந்தத் திரையில் அக்கா வெறும் மலைகளை மட்டும் எழுதினாள். கருகருவென்று, ஒன்றன் பின் ஒன்றாக. அரண்மனை எங்கே என்று ஹெட்மாஸ்டர் கேட்டால் மலைக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள்.

அடுத்த சந்தைக்கு வந்த மாமா எனக்கு ஒரு சிவப்புக் கண்ணாடித்தாள் கொண்டு வந்தார். போளூரில் பழக்கூடை சுற்றி வந்ததாம். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன். சுவர் சிவப்பு, அப்பா சிவப்பு, அரிசி சிவப்பு. பின்கட்டுக்குப் போய்ப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"அக்கா! மரமெல்லாம் எரிஞ்சுபோச்சு!"

முருங்கை, கொய்யா, வேலிமேல் படர்ந்த அவரை எல்லாம் தீயில் வெந்த மாதிரி கருத்து நின்றன. அக்கா வந்து தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். எடுத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். பச்சைப் புடவையில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ராஜாவும் மந்திரியும் அன்றைக்கே வேலையிழந்தார்கள். புது நாடகத்தில் காடுதான் எல்லாம். பச்சை உடுத்திய நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் மரங்கள். சிலர் வந்து எங்களுக்குத் தீ வைக்கிறார்கள். மேடை சிவக்கும், சிவந்த அந்த நொடியில் நாங்கள் எல்லோரும் கருகிக் கரியாகிவிட வேண்டும். பிறகு மழை வரும், மறுபடி பச்சை. பங்குனி பிறந்தால் ஏதாவது ஒரு சரிவில் புகை எழும்பாத வருடம் இல்லாத மலையில், இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. எப்படிக் கருகப் போகிறோம் என்பதைத்தான் விளக்க வேண்டியிருந்தது.

வீட்டில் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டவர் மாமா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அப்ப பச்சை பச்சையாத் தெரியணும்னா, விழற வெளிச்சத்துக்குள்ள பச்சை இருக்கணும். வெறும் செவப்பு வெளிச்சத்தைக் காட்டினா பச்சைத் துணிகிட்ட திருப்பிக் குடுக்க ஒண்ணுமில்ல. அதானே?"

"அதேதான் மாமா" என்றாள் அக்கா. அவள் குரலில் நான் நெடுநாளாகக் கேட்காத ஒரு சந்தோஷம் இருந்தது.

"இது எத்தினியாவது படிப்புல வருது?"

"கொஞ்சம்தான் படிச்சேன் மாமா. மிச்சமெல்லாம் காலேஜுல வரும்."

மாமா சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு அப்போது கரண்டு வரவில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கின் முன்னால் தாளைப் பிடித்துப் பார்த்தார்கள். வெளிச்சம் போதவில்லை, தாளும் சுருண்டுவிட்டது. வெயிலையே உள்ளே கொண்டுவந்தால் என்ன என்று அக்கா கேட்டாள். மேடைக்கு நேர் எதிரே, வடக்குச் சுவரில் ஒரு சன்னல் இருந்தது. அதற்கு வெளியே, கட்டடத்தின் நிழல் எட்டாத தூரத்தில் ஒரு பாறை. அந்தப் பாறையில் பெரிய கண்ணாடி ஒன்றை வைத்துச் சாய்த்தால் வெயில் திரும்பி, சன்னல் வழியாக உள்ளே புகுந்து, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே போய் மேடையில் விழும். சன்னலில் சிவப்புத் தாள் ஒட்டிய மூங்கில் சட்டத்தை வைத்தால் தீ, எடுத்தால் பகல். மற்ற சன்னல்களையும் கதவையும் கம்பளி போட்டு மூடிவிட வேண்டும்.

ஊரில் இருந்த ஒரே பெரிய கண்ணாடி அம்மாவின் மர பீரோக் கதவில் இருந்தது. கல்யாணச் சீராக லாரியில் மலையேறி வந்த பீரோ. மாமா திருகாணிகளைக் கழற்றியபோது அம்மா பக்கத்திலேயே நின்று, உடைந்தால் தன் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமல் எங்கே முகத்தில் விழிப்பது என்று மாமா கேட்டதற்கு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பச்சைப் புடவைகளுக்காக அக்காவும் நானும் வீடு வீடாகப் போனோம். எல்லாப் பச்சையும் ஒரே பச்சை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கிளிப்பச்சை, தாள் வழியாகப் பார்த்தால் சாம்பலாகத்தான் ஆயிற்று. ஒரு மில் புடவை துரோகம் செய்து பழுப்பாகிவிட்டது. கெட்டியான இலைப்பச்சைதான் அடுப்புக்கரி மாதிரி இருண்டது. கண்ணில் சிவப்புத் தாளோடு வந்து புடவையை உற்றுப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிற இரண்டு பெண்களைப் பார்த்து, கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்பே என்னவோ ஆகிவிட்டது என்று ஊரில் பேச்சு எழுந்தது.

விழா நாளில் வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் வந்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் வனத்துறை அதிகாரி ஒருவர், ஹெட்மாஸ்டர், பக்கத்தில் கடைக்காரர் என்ற மரியாதையில் அப்பா. கதவை மூடிக் கம்பளியைத் தொங்கவிட்டதும் புழுக்கமும் முணுமுணுப்பும் எழுந்தன. நான் மேடை நடுவில் கையை விரித்து நின்றேன். எல்லாவற்றிலும் பெரிய மரம் நான்தான்; இயக்குநரின் தங்கை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

வெளியே பாறைமேல் மாமா கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்ததும், சன்னல் வழியாக ஒரு வெளிச்சத் தூண் படுக்கையாக நீண்டு வந்து எங்கள் மேல் விழுந்தது. தூசி அதற்குள் மின்னிக்கொண்டு போயிற்று. எங்களைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சரிய ஒலி. அத்தனை பச்சை. தீ வைக்கிறவர்கள் வந்தார்கள். வெறும் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். சன்னலோரம் நின்ற அக்கா சட்டத்தைத் தூக்கி வைத்தாள்.

மேடை சிவந்தது. பக்கத்தில் நின்றவளைக் கடைக்கண்ணால் பார்த்தேன். ஒத்திகையில் பலமுறை பார்த்ததுதான், ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. நெருப்பு நிறத்துக்கு நடுவில் அவள் கரிக்கட்டையாக நின்றாள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் "ஐயோ" என்று எழுந்துவிட்டார். இன்னொருவர் கம்பளியை விலக்கி வெளியே புகை தெரிகிறதா என்று பார்க்கப் போனதாகவும் பிறகு சொன்னார்கள். இடையில் அம்மாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது: "ஐயையோ, எந்தப் பொண்ணு நெத்தியிலயும் பொட்டக் காணோமே!" குங்குமச் சிவப்பும் முகத்தில் விழுந்த சிவப்பும் ஒன்றோடொன்று கலந்து, எங்கள் பொட்டெல்லாம் மறைந்துவிட்டிருந்தன. இதை அக்காவே எதிர்பார்க்கவில்லை.

மழைக்கு அறிகுறியாகத் தகர டின்னைத் தட்டினார்கள். அக்கா சட்டத்தை எடுத்தாள். பகல் வர வேண்டும்.

வரவில்லை.

சட்டம் எடுத்த சன்னலில் மங்கலாக ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது. மற்றபடி இருட்டு. அந்த மாதத்தில் வரவே கூடாத ஒரு மேகம் எங்கிருந்தோ வந்து சூரியன்மேல் உட்கார்ந்துவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. மரமாக நின்ற ஒருத்தி விசும்பத் தொடங்கினாள். முன்வரிசையில் இருமல். "அவ்ளோதானா?" என்று யாரோ கேட்டார்கள். "கதவைத் தொறங்கப்பா" என்று ஹெட்மாஸ்டர் எழுந்தார்.

"தொறக்காதீங்க சார்!"

அக்காவின் குரல். ஹெட்மாஸ்டரை அப்படி யாரும் அதட்டி நான் கேட்டதில்லை. அப்பா எதிரில் அவள் அவ்வளவு உரக்கப் பேசியும் கேட்டதில்லை. எங்களைப் பார்த்து, "யாரும் அசையாதீங்கடி" என்றாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பி, "மாமா, கண்ணாடிய எறக்கிட்டீங்களா?" என்று கத்தினாள்.

"எறக்கல" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. "எறக்கினா மறுபடி குறி கெடைக்காது. நீ பேசிக்கினே இரு."

என்ன பேசுவது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "காடு எங்கயும் போவலீங்க. இங்கதான் கீது. வெளிச்சம் வந்து தொடலை, அவ்ளோதான். இன்னா இன்னா மரம் நிக்குதுன்னு நீங்களே சொல்லுங்க, பாப்போம்."

பெண்கள் பக்கத்தில் ஒரு கூச்சக் குரல், "புளி" என்றது.

"கீது. அப்புறம்?"

"நெல்லி."

"கடுக்கா."

"பலா மரம்… எங்க கொல்லையில நிக்கற பலா."

ஆண்களும் தொடங்கிவிட்டார்கள். இலுப்பை, வேங்கை, நாவல், தேக்கு, எனக்குப் பெயர் தெரியாத எத்தனையோ மரங்கள். இந்த மூலையிலிருந்து ஒன்று, அந்த மூலையிலிருந்து ஒன்று. ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர். ஏதோ ஒரு மரத்தின் பெயருக்கு இரண்டு பேர் சண்டைகூடப் போட்டார்கள். வனத்துறை அதிகாரியும் தன் பங்குக்குச் சந்தனம் என்றார். மலையில் திருட்டுப் போகிற மரம் அதுதான் என்பதால், அதற்கு மட்டும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு. விசும்பியவள் அழுகையை மறந்து, தன் பாட்டுக்கு "கொய்யா" என்றாள். ஒன்றுமே தெரியாத அந்தக் கருப்புக்குள் நான் கை விரித்து நின்றேன். சுற்றிலும் மரம் மரமாக வந்து நின்றுகொண்டே இருந்தது.

சன்னல் சட்டென்று பளீரிட்டது. வெயில் குறி தவறாமல் எங்கள் மேல் வந்து விழுந்தது. பச்சை! அப்படி ஒரு பச்சையை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. கூட்டம் கைதட்டக்கூட மறந்துவிட்டது. பிறகு தட்டத் தொடங்கி நிறுத்தவே இல்லை. ஹெட்மாஸ்டர் தன் நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்தார், அவள் உட்காரவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோதுதான் மாமாவைப் பார்த்தேன். பாறைமேல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி பத்திரமாகச் சாக்கில் படுத்திருந்தது. அவர் இரண்டு கைகளும் தோளிலிருந்து விரல் வரை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தன. மேகம் விலகும்வரை அந்தக் கனத்தை நெஞ்சில் அணைத்து, ஓர் அங்குலம் சாயாமல் பிடித்திருந்திருக்கிறார். அக்கா வந்து அந்தக் கைகளைப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைப் பிடிக்க அவரால் முடியவில்லை. நான்தான் வாயில் பிடித்தேன்.

"இருட்டுல நீ பேசினது எனக்கு இங்க வரைக்கும் கேட்டுது" என்றார் அக்காவிடம்.

அதிகாரி அப்பாவிடம் வந்தார். இந்தப் பெண் எங்கே படிக்கிறது என்று கேட்டார். அப்பா, படிப்பெல்லாம் முடிந்துவிட்டது, வைகாசியில் கல்யாணம் என்றார். படிக்க வைக்க வேண்டிய பெண் ஆயிற்றே என்று அதிகாரி வருத்தப்பட்டார். அப்பா பணிவாகச் சிரித்து, "மச்சினனுக்கு வாக்குக் குடுத்துட்டேங்க. குடுத்ததை நான் மாத்தறதில்ல" என்றார். அருகில் நின்ற மாமா தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சந்தைக்கு மாமா வந்தபோது கையில் எனக்கு ஒன்றும் இல்லை. கடைக்குள் போய் அப்பாவின் முன்னால் நின்றார். அம்மா சோறு போடக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றார்.

அப்பா தராசைக் கீழே வைத்தார். "ஏன்?"

"பொண்ணு கருப்பா கீது. நான் கொஞ்சம் செவப்பா பாத்துக் கட்டிக்கலாம்னு கீறேன்."

கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். அம்மா ஓடி வந்து, "இன்னாடா சொன்னே? இன்னா சொன்னே நீ?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அப்பா மெதுவாகத்தான் பேசினார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். உனக்குப் போய்க் கொடுக்க இருந்தேனே என்றார். என் பெண்ணைக் காலேஜில் சேர்க்கிறேன், நீ நிமிர்ந்து பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.

"எங்க சேக்கப் போறீங்க?" என்று மாமா சிரித்தார். "நாலு நாள் போனா வேற ஒருத்தன் கையில புடிச்சிக் குடுப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"சாமி சத்தியமா சேக்கறேன்டா. வெளிய போ."

மாமா வெளியே போனார்.

அந்த ஆனியில் அப்பாவே டிரங்குப் பெட்டியைத் தோளில் சுமந்துபோய் அக்காவை வேலூரில் ஒரு கல்லூரி விடுதியில் சேர்த்தார். ஒவ்வொரு வருடமும் அவள் தேறும்போது, சந்தவாசலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பஸ்காரர்களிடம் சொல்லி அனுப்பினார். அக்கா இயற்பியல் ஆசிரியை ஆனாள். மாமா அமிர்திப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டினார். அத்தையும் நல்ல கருப்பு. செவப்பு கேட்ட வாயைப் பார் என்று அப்பா கடைசி வரை சொல்லிச் சொல்லி ஆறாமலே போனார். அன்றைக்குப் பொட்டு மறைந்த சகுனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அம்மா நம்பினாள். கெஞ்சினால் அசையாத அப்பாவைச் சீண்டினால் அசைக்கலாம் என்பதையும், வாக்குக் கொடுத்தவர் மாறமாட்டார் என்றால் வாங்கியவர்தான் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும், அந்தக் கடையில் யோசித்து வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். இதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன.

அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம். பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். மாமா படியில் கால் வைத்திருந்தார். ஓடிவந்த மூச்சிலேயே கேட்டேன்: "எங்க அக்காவைக் கருப்புன்னியே, நீ அதைவிடக் கருப்புதானே?"

உண்மையில் எங்கள் குடும்பத்திலேயே அவர்தான் கருப்பு. மாமா என்னைப் பார்த்தார். பிறகு பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "யாரும் இதைக் கேக்கலியேன்னு பாத்தேன்" என்று சொல்லி, என் தலையில் கை வைத்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவர் சிரித்த அநியாயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அவமானம் தாங்காமல் அழுகிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்து, அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். நீ கருப்பே இல்லை அக்கா, இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல அவள் இன்னும் குலுங்கினாள். இவளை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் கடைசியில் நானும் அழுதுவிட்டேன்.